பச்சைத் தண்ணீர்ப் பிரபுக்களுக்கு

எல்லாக் கம்பெனிக் கார்களையும் ஒரே கூரையின் கீழ் காத்து ரட்சிக்கும் சர்வீஸ் சென்டர் சமூகத்துக்கு, 2004 மாடல் மாருதி 800 ஒன்றின் உரிமையாளன் தெண்டனிட்டு எழுதிக்கொள்வது.

இவ்விடம் நலம். வண்டி நலமில்லை.

போன ஞாயிறு காலை பத்தரை மணிக்குத் தங்கள் அலுவலகப் பெண் போனில் அழைத்து, "சர்வீஸ் எப்படி சார் இருந்துச்சு? பத்துக்குப் பத்து குடுக்கலாங்களா?" என்று கேட்டார். அப்போது நான் கோமுகி அணையைத் தாண்டிக் கல்வராயன் மலை ஏறும் பாதையில், ஒரு கொண்டை ஊசி வளைவோரம், பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு நின்றிருந்தேன். உள்ளேயிருந்து பொங்கல் பானை மாதிரி ஆவி. மலையில் பாதி இடத்தில் டவர் இருக்காது. தங்கள் குரல் மட்டும் கணீரென்று கேட்டது. நான் வாயைத் திறப்பதற்குள், புது வண்டியில் முன்னால் போயிருந்த மச்சான் திரும்பி வந்து, போட்டோ எடுத்து, குடும்ப குரூப்பில் போட்டுவிட்டார்: "கரியாலூர் ரோட்டில் சூடான இட்லி தயார்." இதுவரை நாற்பத்து மூன்று சிரிப்புப் பொம்மைகள். சம்பந்தி வீட்டிலிருந்து மட்டும் ஒன்பது.

வீடு திரும்பியதும் தங்கள் பில்லைப் பக்தியோடு எடுத்துப் படித்தேன். "கூலன்ட் (பச்சை) 3 லிட்டர் – 1,050 ரூபாய். பிளஷிங் – 400." இதில் பொய்யே இல்லை. பச்சை என்று எழுதினீர்கள், பச்சைத் தண்ணீரை ஊற்றினீர்கள். தாங்கள் சொன்னது பச்சை உண்மை. பச்சைப் பிள்ளை மாதிரி நான்தான் வேறு எதையோ எதிர்பார்த்துவிட்டேன்.

இந்த உண்மையை மலையிலேயே கண்டுபிடித்தவர், மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு இறங்கி வந்த குட்டியானை டிரைவர். "மூடியில கை வெச்சிடாதீங்க சார்" என்று தூரத்திலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். அரை மணி நேரம் காத்திருந்தார். ரேடியேட்டரின் மேல் ஹோஸை அமுக்கிப் பார்த்தார். ஈரத் துணியை நாலாக மடித்து மூடிமேல் போட்டுக் கால் சுற்று திருப்பினார்; உஸ்ஸென்றதும் நிறுத்தினார்; சத்தம் அடங்கிய பிறகே முழுதாகத் திறந்தார். உள்ளே டிகாஷன் நிறத்தில் ஏதோ கிடந்தது. விரலில் தொட்டுத் தேய்த்தார். "கூலன்ட்னா வழவழன்னு இருக்கும் சார். இது பைப்புத் தண்ணி." மூடியைக் கவிழ்த்துக் காட்டினார். அடியிலிருந்த ரப்பர் வாஷர் வெடித்துப் பாளம் பாளமாக இருந்தது. தங்கள் பில்லின் பின்பக்கத்தில் "ரேடியேட்டர் மூடி சோதிக்கப்பட்டது" என்று டிக் இருக்கிறது. அதுவும் பச்சை மையில்.

திங்கட்கிழமை போன் செய்தபோது தங்கள் சூப்பர்வைசர் அருளிய விளக்கம் கல்வெட்டில் பொறிக்க வேண்டியது. "கூலன்ட்லாம் காஷ்மீர் வண்டிக்கு சார். நம்ம கள்ளக்குறிச்சில தண்ணி உறையவா போகுது?" உறையாதுதான். கொதிக்குமே, மகாராஜா! என்ஜின் ஒழுங்காக ஓடுவதே தொண்ணூறு டிகிரியை ஒட்டிய சூட்டில். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் உள்ளே இருப்பது நூற்றிருபது வரை கொதிக்காமல் தாங்கும்; பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் கொஞ்சம் தாங்கும். வாஷர் போன மூடி அதைச் சரியாகப் பிடித்து வைக்காது. போதாக்குறைக்கு, 300 மீட்டர் ஏறினால் தண்ணீர் ஒரு டிகிரி முன்பாகவே கொதிக்கும். துரு பிடிக்காமல் காப்பதும் கூலன்ட்தான். எங்கள் போர்த் தண்ணீர் வெந்நீர் அண்டாவிலேயே வெள்ளையாகப் படிகிறது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்க்குள் என்ன செய்யும் என்று தங்களுக்கா தெரியாது?

ஆனாலும் தங்கள் ஜீவகாருண்யத்தைப் பாராட்ட வேண்டும். அசல் கூலன்ட் இனிக்குமாம். நாய் நக்கினால் செத்தே போகலாம். என் வண்டி வழிநெடுக ஒழுகியும் ஒரு நாய்க்கும் ஆபத்தில்லை.

நாங்கள் குடிக்கக் கொண்டுபோன இரண்டு கேனையும் ரேடியேட்டருக்கே ஊட்டினோம். என்ஜின் சூட்டை இழுக்க ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டு, வேகாத வெயிலில் மலை இறங்கினோம். "அருவிக்குன்னு கூட்டிட்டு வந்து ஆவி பிடிக்க வெக்கிறியேடா" என்றார் அம்மா.

அம்மாவுக்கு 74 வயது. அதற்கு முன் ஒன்றரை மணி நேரம் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருந்தார். குட்டியானை வருவதற்கு முன்னால் என் மகன், பதினொரு வயது, உதவுகிறேன் என்று அந்த மூடியில் கை வைக்கப் போனான். ஓங்கி ஓர் அடி அடித்தேன். அவன் அழுதான். அந்த அடி விழாமல் போயிருந்தால் கொதிநீர் அவன் முகத்தில் அடித்திருக்கும். ஆயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய்க்கு ஒரு குழந்தையின் முகம். இதற்குப் பெயர் சர்வீஸ் இல்லை ஐயா, திருட்டு.

மன்னிக்க வேண்டும், சூடு ஏறிவிட்டது. என் மூடியிலும் ரப்பர் சரியில்லை போலிருக்கிறது.

"பழைய வண்டி சார், தள்ளிவிட்டுடுங்க" என்றும் தாங்கள் கனிவோடு சொன்னீர்கள். 2014 ஜனவரியோடு 800 தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள், உண்மைதான். பதினைந்து வருடம் தாண்டிய பாவத்துக்கு அரசாங்கத்துக்குப் பசுமை வரி கட்டினேன். தங்களுக்கும் பச்சை வரி உண்டென்று தெரியாமல் போயிற்று. செவ்வாய்க்கிழமை ஒரு புளியமரத்தடி மெக்கானிக் மூடியை மாற்றி, துருத் தண்ணீர் தெளியும்வரை அலசி, டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் சரிபாதி ஊற்றினார். மூடியைத் திறந்தபடியே வண்டியை ஓடவிட்டு, ஏர்லாக் போய் ஃபேன் இரண்டு முறை சுற்றி நிற்கும்வரை பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஏசி ஹால் இல்லை. பத்துக்கு எத்தனை என்று கேட்கவும் இல்லை.

இத்துடன் பில்லின் ஜெராக்ஸ் ஒன்றும், ரேடியேட்டரிலிருந்து பிடித்த தீர்த்தம் அரை லிட்டரும் இணைத்திருக்கிறேன். தீர்த்தத்தைத் தங்கள் வரவேற்பறை மணிபிளான்ட்டுக்கு மட்டும் ஊற்றிவிடாதீர்கள்; அந்த இடத்தில் நிஜமாகவே பச்சையாக இருப்பது அது ஒன்றுதான்.

பச்சை மையில் கையெழுத்திடும் தகுதி எனக்கில்லாததால், நீல மையில்,

தங்கள் கீழ்ப்படிந்துள்ள
வாடிக்கையாளன்