அந்தச் சட்டைக்குப் பெயர் தடிப்பு

உடுப்புக்குப் பெயர் வைப்பதில் ஒரு மரியாதை உண்டு. பனியனை ‘வேர்க்குருக் கவசம்’ என்று யாராவது கடையில் கேட்டிருக்கிறார்களா? ஆனால் கடலில் இறங்கும்போது போடுகிற, உடம்பைக் கவ்விப் பிடிக்கிற அந்த முழுக்கைச் சட்டைக்கு அமெரிக்கர்கள் ‘ராஷ் கார்ட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தடிப்புக் காவலாளி! பிரிட்டன்காரர்களுக்கு ‘ராஷ் வெஸ்ட்’. ஆஸ்திரேலியர்களுக்கு எந்தச் சொல்லையும் முழுசாகச் சொன்னால் வாய் வலிக்கும். பார்பிக்யூவை ‘பார்பி’ ஆக்கியவர்கள், இதை ‘ராஷி’ ஆக்கிவிட்டார்கள். சிட்னியில் பேரன், “தாத்தாவுக்கு ராஷி இருக்கா?” என்று கேட்க, என் மனைவி யோசிக்கவே இல்லை: “கடகம்ப்பா. ஜல ராசிதான், தைரியமா கூட்டிட்டுப் போ.”

தடிப்பு வந்த கதை சர்ஃபிங்காரர்களுடையது. பலகையில் கால் வழுக்காமலிருக்க மேலே மெழுகு தேய்ப்பார்கள். மாப்பிள்ளை ஒரு கட்டியைக் காட்டினார். தேங்காய் வாசனை தூக்கலாக, பார்ப்பதற்குத் தேங்காய் பர்பி மாதிரியே இருந்தது. பக்கத்தில் பசியோடு யாரும் இருக்கக் கூடாது. காலுக்குப் பிடிமானம் சரி. ஆனால் எழுந்து நிற்பதற்கு முன், அதே பலகையில் குப்புறப் படுத்துக் கையால் துடுப்புப் போட வேண்டுமே! மெழுகில் மணல் ஒட்டினால் அது உப்புத்தாள். ஒவ்வொரு அலைக்கும் மார்பையும் வயிற்றையும் ஓர் இழைப்பு. மார்பில் முடி உள்ளவர்களுக்கு மெழுகு தனிக் கவனிப்பு வேறு செய்யும்.

குளிர்க் கடலுக்கென்று 1952-இல் ஹியூ பிராட்னர் என்ற இயற்பியலாளர் நியோப்ரீன் ரப்பர் உடையை யோசித்தார். கலிஃபோர்னியாவில் ஜாக் ஓ’நீல் அதைச் சர்ஃபிங்காரர்களுக்குக் கடைபோட்டு விற்றார். குளிர் போனது; அக்குளும் கழுத்தும் உரசிச் சிவந்தன. அதற்கும் உள்ளே ஒரு மெல்லிய சட்டை தேவைப்பட்டது. அதன் இழுவைக்குக் காரணமான ஸ்பேண்டெக்ஸ் நூலை 1958-இல் டூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கியது, பெண்களின் இடுப்பை இறுக்கும் உள்ளாடைகளில் ரப்பருக்கு மாற்றாக. அலையை அடக்குகிற வீரர்களின் மார்பைக் காத்தது அந்த நூல்தான்.

வெயில் கதை தனி. 1935-இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு, கடலில் குளிக்கும் ஆண்களும் அக்குள் மட்டத்திலிருந்து இடுப்புவரை முன்பக்கத்தை மூட வேண்டும் என்று சட்டம் போட்டது. மானம் காக்கத்தான். முணுமுணுத்து, மீறி, மல்லுக்கட்டி, 1961-இல்தான் அது ஒழிந்தது. அப்பாடா என்று சட்டையைக் கழற்றி எறிந்தார்கள். சரியாக 20 வருடம். 1981-இல் சிட் என்கிற கார்ட்டூன் கடல்புறா தொலைக்காட்சியில் ஆடிப்பாடி, தோல் புற்றுநோய் வரும், சட்டையைப் போடுங்கள் என்றது. சட்டத்தை எதிர்த்தவர்கள் புறாவுக்குப் பணிந்தார்கள். 1996-இல் வெயில் காக்கும் துணிக்கென்றே ஒரு தரநிலையும் வந்தது. ‘யூபிஎஃப் 50+’ என்று சட்டையில் தொங்கும் சீட்டுக்கு, புறஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குகூட உள்ளே போகாது என்று பொருள்.

“இதென்ன பெரிய கண்டுபிடிப்பு? மெரினாவில் நாங்கள் உடுத்த துணியோடுதான் காலங்காலமாக இறங்குகிறோம்” என்றேன். மாப்பிள்ளை பணிவாக, “மாமா, மெல்லிசான வெள்ளைப் பருத்தி நனைஞ்சா வெயிலை இன்னும் தாராளமா உள்ள விடும்” என்றார். படித்த மாப்பிள்ளை பார்த்தால் இப்படித்தான்.

இன்று இதைப் போடும் பிள்ளைகளில் பாதிப் பேர் பலகையையே தொட்டிருக்க மாட்டார்கள். தடிப்பு போய் வெயில் வந்துவிட்டது. பெயர் மட்டும் நகரவில்லை.

எனக்கு மாப்பிள்ளையின் பழைய ராஷி கிடைத்தது, ஓர் அளவு சிறியது. காய்ந்த உடம்பில் ஏறிவிட்டது. நனைந்த பிறகுதான் அதன் பாசம் தெரிந்தது. தலைக்கு மேல் பாதி வந்து, இரண்டு கையையும் தூக்கியபடி நான் கரையில் நிற்க, ஆளுக்கொரு பக்கம் இழுத்து மீட்டார்கள். மறுநாள் அக்குளிலும் கழுத்தோரத்திலும் சிவப்பாகத் தடிப்பு. அடுத்த முறை உள்ளே மெல்லிசாக இன்னொரு ராஷி போட்டுப் பார்க்கலாமா என்று மாப்பிள்ளை யோசித்துக்கொண்டிருக்கிறார்.