நாக்கு நுனியில் ஒரு ழ

கேள்வி: மகள் 'பளம்' என்றால் பள்ளியில் திருத்துகிறார்கள். வீட்டில் நாங்கள் எல்லோருமே அப்படித்தான் பேசுகிறோம். தமிழைக் கெடுக்கிறோமா?
— ஒரு வாசகி, சிவகாசி

பதில்: இல்லை, தாயே! தென்மாவட்டங்களில் ழ, ள ஆவது ஊர் வழக்கு. யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான். சென்னையில் அதே பழம் 'பயம்' ஆகிவிடும். கேட்டால் நமக்குத்தான் பயமாக இருக்கும். "மள வருது, காயவச்சத உள்ள எடு" என்று உங்கள் ஊரில் யாராவது கத்தினால், எழுத்தைத் திருத்திக்கொண்டா நிற்பார்கள்? பட்டாசு மருந்து நனையுமுன் ஓடுவார்கள்.

ஆனாலும் மகளுக்கு ழ வரத்தான் வேண்டும். தினசரி காலண்டர் அச்சாகும் ஊர் உங்களுடையது. "நேத்துத் தேதியக் கிளி" என்றால் வீட்டில் யாரும் பறவையைத் தேட மாட்டார்கள். தேர்வுத்தாளில் அப்படி எழுதினால் மதிப்பெண் பறந்துவிடும்.

திட்டாமல் சொல்லிக்கொடுங்கள். 'ள' சொல்லும்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டுகிறது, கவனித்தீர்களா? நுனியை அப்படியே பின்னால் வளைத்து, ஒட்டாமல் மயிரிழை இடைவெளி விட்டு, குரலை நிறுத்தாமல் விடச் சொல்லுங்கள். அண்ணத்தை நாக்கு நுனி வருடப் பிறப்பது ழ என்று தொல்காப்பியமே சொல்லிவைத்திருக்கிறது. 'வருட' என்ற அந்தச் சொல்லை நினைத்தாலே எனக்குப் புல்லரிக்கும். அண்டை வீடான மலையாளத்திலும் இந்த ஒலி உயிரோடிருக்கிறது.

முதலில் 'மழை', பிறகு 'குழல்', கடைசியில் 'வாழைப்பழம்'. மூன்றும் சரியாக வந்தால் பழத்தை உரித்துக் கையில் கொடுங்கள்.