கிளிப்பை உன் இஷ்டத்துக்கு மாட்டு ராசா

வாடே பேராண்டி. வண்டிச் செயின் நடுரோட்டுல கழண்டு, பாம்பு புடிச்சவன் கணக்கா அதைக் கையில சுத்திக்கிட்டு வந்து சேந்தியாம். ஒங்கம்மா சொன்னா. வண்டியத் தள்ளிக்கிட்டு வந்தது உடம்புக்கு நல்லதுதான்.

மெக்கானிக்குக் கூலி குடுக்காம நீயே மாட்டப் போறயாக்கும்? மாட்டு. ஆனா செயினோட ரெண்டு முனையையும் சேக்குத லாக்கைப் புதுசா மட்டும் வாங்கிராத, ரெண்டு டீக்காசு வீணாப் போயிரும். டப்பாவுல கெடக்குத பழைய லாக்குக் கிளிப்பைக் கொறடால நிமித்திப் போடு. ஊரு எல்லை வரைக்கும் தாங்காமயா போயிரும்?

வாங்கித்தான் தீருவேன்னா நம்பர் பாக்காம வாங்கு. உன் நூறு சிசி வண்டிக்கு 428 செயினு. பெரிய வண்டி சிலதுக்கு 520. மொத நம்பரு 4ன்னா எட்டுல நாலு பங்கு, அதாவது அரை அங்குலம். ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் உள்ள தூரம். 5ன்னா எட்டுல அஞ்சு பங்கு. படிச்ச பிள்ளைக்கு இந்தக் கணக்கெல்லாம் எதுக்கு? சேரலன்னா சுத்தியல் இருக்குல்லா.

மாட்டும்போது ரெண்டு முனையையும் அந்தரத்துல தொங்க விட்டு மல்லுக்கட்டு. பின்சக்கரப் பல்லு மேல பக்கத்துப் பக்கத்துல உக்கார வச்சா பல்லே புடிச்சுக்கிடும், லாக்கும் சுளுவா எறங்கிரும். எட்டலன்னா ஆக்ஸில் நட்டைத் தளத்தி, சக்கரத்தைக் கொஞ்சம் முன்னால தள்ளினாப் போதும். அப்படிச் செஞ்சா வேலை சட்டுனு முடிஞ்சிரும். அப்புறம் திண்ணையில இருக்கவங்க எதை வேடிக்க பாக்க?

இனி கிளிப்பு. அதுக்கு ஒரு பக்கம் மூடியிருக்கும், மறுபக்கம் பிளந்திருக்கும். மூடின பக்கம் செயின் ஓடுத திசையைப் பாத்து இருக்கணும்பாங்க. அதாவது லாக்கு மேல்வரிசையில நிக்கும்போது மூடின பக்கம் முன்சக்கரத்தைப் பாக்கணும். அதே லாக்கு சுத்திக் கீழ்வரிசைக்கு வந்தா பின்சக்கரத்தைப் பாக்கும். பயந்து போயித் திருப்பி மாட்டிராத. பிளந்த பக்கம் முன்னால போச்சுன்னா, எதுலயாவது உரசின ஒடனே நெம்பி எறிஞ்சிரும். நேத்து உன் கிளிப்பு எப்படி மாட்டியிருந்துச்சுன்னு நான் கேக்கல. ஒங்கம்மாதான் கேக்கா.

மாட்டி முடிச்சா செயினை வீணைத் தந்தி முறுக்குத மாதிரி முறுக்கி வையி. கீழ்வரிசை மேலயும் கீழயும் ஒரு அங்குலம் போல ஆடணும்னு மெக்கானிக் சொல்லுவான். எவ்வளவுன்னு வண்டிப் புத்தகத்துலயே போட்டிருக்கு. அதைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டாச்சு. ஆக்ஸில் நட்டை இறுக்க மறந்துட்டேன்னாலும் பரவாயில்ல, சக்கரமே ஞாபகப்படுத்தும். எண்ணெ போடும்போது எஞ்சினை ஓட விட்டு, கியரும் போட்டுட்டுத் துணியால தொடை. பத்து விரலு எதுக்குடே, எட்டு போதாதா?

முடிஞ்சதும் ஒரு சத்தம் குடு. பாவூர்சத்திரம் சந்தை வரைக்கும் போணும். நீ எந்த வழியாப் போறன்னு சொன்னா, நான் அந்த வழியா வர்ற பஸ்ஸைப் பாத்து ஏறிக்கிடுதேன்.