வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நான் போட்ட பூட்டுகள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் எனக்கு வேலை. யார் எந்த ஃபோல்டரைத் திறக்கலாம், யாருக்குப் பென்டிரைவ் கூடாது, எத்தனை தடவை தப்பாக அடித்தால் கணக்கு பூட்டிக்கொள்ளும், எல்லாம் நான் போடுகிற சட்டம்தான். மேனேஜரே ஆனாலும் பாஸ்வேர்டு மறந்துபோனால் என் டேபிளுக்கு வந்து அசட்டுச் சிரிப்பு சிரித்தாக வேண்டும். இந்த அதிகாரமெல்லாம் சாயங்காலம் பட்டரவாக்கத்தில் ரயில் ஏறும் வரைக்கும்தான். ஆவடியில் எங்கள் வீட்டு ஹாலில் இருக்கிற கம்ப்யூட்டரிடம் என் பருப்பு இதுவரை வெந்ததில்லை.

அதற்கு ரொம்ப காலம் பாஸ்வேர்டே கிடையாது. விண்டோஸ் எக்ஸ்பி காலம். பட்டனை அழுத்தினால் நேரே அந்தப் பச்சைப் புல்மேடு வந்து நிற்கும். அப்பா, அம்மா, அக்கா, பக்கத்து வீட்டுப் பையன், யார் வேண்டுமானாலும் உட்காரலாம். ஆவடியில் இது கொஞ்சம் வேடிக்கைதான். டாங்கித் தொழிற்சாலை, ராணுவ உடைத் தொழிற்சாலை, சி.ஆர்.பி.எஃப்., விமானப்படை என்று ஊரில் பாதிப் பேர் தினமும் கேட்டில் பாஸ் காட்டி உள்ளே போகிறவர்கள். அப்பாவும் அப்படிக் காட்டிக் காட்டியே ரிட்டையர் ஆனவர். வீட்டுச் சாவி மட்டும் இ.பி. மீட்டர் பெட்டிக்குள் இருக்கும். தெருவுக்கே தெரியும்.

பின்னால் ஒரு விஷயம் படித்தேன். எக்ஸ்பியில் பாஸ்வேர்டு வைக்காத கணக்கின் பெயரைச் சொல்லி நெட்வொர்க் வழியாக லாகின் செய்ய முடியாதாம். கீபோர்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தால்தான் திறக்குமாம். ஒப்புக்கு 1234 என்று வைத்தவனைவிட ஒன்றுமே வைக்காதவன் அந்த ஒரு வகையில் தேவலை. ஆக, விவரம் தெரியாத வரைக்கும் நான் பத்திரமாகத்தான் இருந்திருக்கிறேன். விவரம் தெரிந்த பிறகுதான் வினை.

கல்யாணமாகி, பிள்ளைகள் வந்து, விண்டோஸ் 10 வந்த பிறகும் எல்லோருக்கும் ஒரே கணக்குதான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ராத்திரி, வீடே தூங்கிய பிறகு, முன்மண்டை வழுக்கைக்கு என்ன மருந்து என்று தேடிப் பார்த்தேன். மறுநாள் அப்பா பழைய பாட்டு கேட்க யூட்யூபைத் திறந்தால், பாட்டுக்குப் பாட்டு தைல விளம்பரம். ராத்திரி சாப்பிடும்போது மோரை ஊற்றிக்கொண்டே, "சின்ன வெங்காயத்தை அரைச்சுத் தடவுடா. கம்ப்யூட்டரைப் போய்க் கேட்டா அது என்ன பண்ணும்?" என்றார். மகள் தட்டைப் பார்த்துச் சிரித்தாள். பாஸ்வேர்டு போட்டே தீருவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். ஹேக்கருக்குப் பயந்து அல்ல. என் வழுக்கை எனக்கும் கூகுளுக்கும் மட்டும் தெரிந்தால் போதும் என்பதற்காக.

சாதாரணப் பாஸ்வேர்டு போட்டிருந்தால் பிழைத்திருப்பேன். ஆபீஸ் புத்தி சும்மா இருக்குமா? பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறியீடு எல்லாம் கலந்து, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்றியே ஆக வேண்டும் என்று வீட்டிலும் அதே சட்டத்தைப் போட்டேன். இந்த மாதிரிச் சட்டங்கள் உலகம் முழுக்கப் பரவியதில் அமெரிக்காவின் நிஸ்ட் என்கிற தர நிர்ணய நிறுவனத்துக்காக பில் பர் 2003-ல் எழுதிய கையேட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. 2017-ல் அவரே பத்திரிகைப் பேட்டியில் தான் எழுதியதில் பெரும்பகுதிக்காக வருத்தப்பட்டார். கசிந்ததற்கு அறிகுறி இல்லாமல் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லாதீர்கள் என்று நிஸ்டும் அதே ஆண்டு கையேட்டைத் திருத்திவிட்டது. எழுதினவரே கைவிட்ட சட்டத்தை ஆவடியில் நான் ஒருத்தன் கட்டிக்காத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கான கூலி தீபாவளி டிக்கெட் அன்று கிடைத்தது. அறுபது நாள் முன்னால், காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கும். நெல்லை எக்ஸ்பிரஸுக்கு எட்டு மணி ஐந்து நிமிஷம் என்பதே தாமதம்தான். நான் அந்த நேரத்தில் ஆபீஸ் ரயிலில் இருந்தாக வேண்டும். டிக்கெட் கணக்கு விவரமெல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில் சேமித்து வைத்திருந்தேன். மனைவி போடுவதாக ஏற்பாடு. முந்தின நாள் ராத்திரிதான் மூன்று மாதக் கெடு முடிந்து புதுப் பாஸ்வேர்டு வைத்திருந்தேன். அவளும் பொறுப்பாக அதைச் சுவரில் இருந்த தினசரிக் காலண்டரின் மேல் தாளில் எழுதிவைத்தாள். விடியற்காலை அப்பா எழுந்தார், வழக்கம்போலத் தாளைக் கிழித்தார், அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பிள்ளையார் கோவிலுக்குப் போனார். திருநீறு மடிக்க.

ரயில் அன்னனூரைத் தாண்டும்போது போன் வந்தது. "ஏங்க, தேதித் தாளைக் காணோம். சீக்கிரம் சொல்லுங்க, எட்டாகப் போகுது." கூட்டத்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னேன். கேட்கவில்லை என்றாள். உரக்கச் சொன்னேன். "கேப்பிடல் கே... அட்டுக்கு அப்புறம் சின்ன ஆர்... ஹேஷ்... ஹேஷும்மா, போன்ல இருக்குமே, நாலு கோடு... அப்புறம் அண்டர்ஸ்கோர்." எதிரில் நின்றவர், சோற்று டப்பா பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, அக்கறையாகக் கேட்டார்: "சார், அண்டர்ஸ்கோர் முதல்ல ரெண்டுன்னீங்க, இப்ப ஒண்ணுங்கிறீங்க?" இரண்டுதான். அவர் சொன்னதுதான் சரி. திருமுல்லைவாயில் வருவதற்குள் என் பாஸ்வேர்டு அந்தப் பெட்டிக்கே பாடமாகியிருக்கும். அவள் உள்ளே நுழைந்தபோது வெயிட்டிங் லிஸ்ட் நூறைத் தாண்டியிருந்தது. ஆவடியிலிருந்து கிளாம்பாக்கத்துக்கு மூட்டை முடிச்சோடு போய் பஸ் பிடித்தவர்களுக்கு மீதிக் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. வழி நெடுக அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று அப்பாவுக்கும் எனக்கும் தெரியும்.

அப்புறம் பாஸ்வேர்டின் பூர்வீகத்தைப் படித்துப் பார்த்தேன். கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு வந்ததே பலர் ஒரே இயந்திரத்தைப் பங்குபோட்டுக்கொண்டதால்தான். 1960-களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ குழு உருவாக்கிய சி.டி.எஸ்.எஸ். அமைப்பில், அவரவர் கோப்பு அவரவருக்கு என்று பிரிக்கத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். அதை உடைத்ததும் வெளியாள் இல்லை. 1962-ல் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தனக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை என்று, மொத்தப் பாஸ்வேர்டு பட்டியலையும் அச்சடித்து எடுத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டது கால் நூற்றாண்டு கழித்து. 1966-ல் இன்னும் தமாஷ்: ஒரு கோளாறில், லாகின் செய்கிறவர்களுக்குக் காட்டும் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாகப் பாஸ்வேர்டு பட்டியலே எல்லோர் டெர்மினலிலும் அச்சாகி வந்தது. இதைப் படித்த அன்று எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. நான் ரயிலில் ஒன்றைத்தானே கத்தினேன்.

மிச்சமிருந்த மரியாதையை வாங்கியது அக்கா மகன். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படித்தபோது அவனுக்கு இலவச லேப்டாப் கிடைத்தது. 2011 செப்டம்பர் 15-ந் தேதி ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டம். விழா நடந்ததும் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான். அந்த லேப்டாப்பில் விண்டோஸும் இருக்கும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கும். மற்ற பிள்ளைகள் விண்டோஸில் படம் பார்த்துக்கொண்டிருந்தபோது இவன் இன்னொரு பக்கத்தை நோண்டியிருக்கிறான். இப்போது வேலைக்குப் போகிறான், நோண்டும் பழக்கம் போகவில்லை. லீவுக்கு வந்தவனிடம் என் பாஸ்வேர்டின் நீளத்தைப் பற்றிப் பெருமையடித்தேன். "அப்படியா மாமா" என்று கேட்டுவிட்டு ஒரு பென்டிரைவைச் செருகினான். கம்ப்யூட்டர் அதிலிருந்து லினக்ஸாக எழுந்தது. என் டிஸ்க்கைத் திறந்து, என் ஃபோல்டர்களை வரிசையாகக் காட்டினான். பாஸ்வேர்டை யாரும் கேட்கவே இல்லை.

விஷயம் எனக்குத் தெரியாததல்ல. லாகின் என்பது விண்டோஸ் ஓடும்போது விண்டோஸ் கேட்கிற கேள்வி. விண்டோஸையே எழுப்பாமல் விட்டால் கேட்க ஆளில்லை. டிஸ்க்கையே என்கிரிப்ட் செய்திருந்தால்தான் அங்கே கை வைக்க முடியாது. ஆபீஸ் லேப்டாப் அத்தனையிலும் நானே செய்து வைத்திருக்கிறேன். வீட்டில் செய்யவில்லை. "மாமா, 'கடன்'னு ஒரு ஃபோல்டர் இருக்கே?" என்றான். பென்டிரைவைப் பிடுங்கிவிட்டேன்.

சரி, ஒழுங்காக ஆளுக்கொரு கணக்கு என்று கடைசியில் வழிக்கு வந்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது. பிள்ளைகளுக்குச் சாதாரணக் கணக்கு, புதிதாக எதையும் நிறுவ முடியாது. அட்மின் தனி. ஆளுக்கொரு நான்கு இலக்கப் பின். பின் அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும்தான் செல்லும் என்பதால் வெளியே தெரிந்தாலும் வெளியூரில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அதனால் பிரயோஜனமில்லை. நீளப் பாஸ்வேர்டைவிட இது வசதி, வீட்டுக்கு இந்த அளவு போதும். இதை ஹாலில் எல்லோரையும் உட்காரவைத்து விளக்கினேன். அம்மா கேட்டுவிட்டு, "ஒரே வீட்டுக்குள்ள எதுக்குடா தனிக்குடித்தனம்?" என்றாள். அப்பா தன் பின்னாகப் பழைய ஸ்கூட்டர் நம்பரை வைத்தார். அந்த ஸ்கூட்டர் இன்னும் வாசலில்தான் நிற்கிறது.

இரண்டு வாரம் ஓடியிருக்கும். எல்லோரும் அப்பாவின் கணக்கிலேயே இருந்தார்கள். அவர்தான் முதலில் எழுந்து திறக்கிறார், லாக் செய்வதில்லை. இன்னொருவர் கணக்குக்கு மாற இரண்டு கிளிக் வேண்டும், அந்த இரண்டு கிளிக்குக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் பொறுமை இல்லை. எனக்கும்தான். பில் கட்டுவது, மெயில் பார்ப்பது எல்லாம் அப்பா பெயரில் நடக்கிறது. வெங்காயத் தைல விளம்பரம் மறுபடியும் அவருக்கே போகிறது.

தன் கணக்கை ஒழுங்காகப் பயன்படுத்துகிற ஒரே ஆள் மகள். நான் வைத்துக் கொடுத்த பின்னை அன்றைக்கே மாற்றிவிட்டாள். வேலை முடிந்து எழுந்திருக்கும்போது கீபோர்டில் இரண்டு சாவியைத் தட்டி லாக் செய்துவிட்டுத்தான் போகிறாள். போன வாரம் அவளுடைய ப்ராஜெக்ட் ஃபைலை நானே பிரின்ட் எடுத்துத் தருவதாகச் சொல்லி, போகிற போக்கில் கேட்கிற மாதிரி பின் என்ன என்று கேட்டேன்.

"சொல்லக் கூடாதுப்பா."

"அட்மின்கிட்டகூடவா?"

"அட்மின்னு சொல்லிட்டு யார் கேட்டாலும் சொல்லாதீங்கன்னு உங்க ஆபீஸ் சுவத்துல ஒட்டியிருக்கீங்களே. ஆயுத பூஜைக்குக் கூட்டிட்டுப் போனப்ப நானே படிச்சேன்."

அட்மின் உரிமை என்னிடம் இருக்கிறது. நினைத்தால் அவள் கணக்கை ரீசெட் செய்துவிடலாம், ஒரு நிமிஷ வேலை. அதையும் நினைத்துப் பார்த்தேன் என்பது அவளுக்கு எப்படித் தெரிந்ததோ. "ரீசெட் பண்ணா எனக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் பழசு வேலை செய்யாதில்ல?" என்றாள். பிரின்டருக்குப் பேப்பர் தீர்ந்துவிட்டது என்று கடைக்குக் கிளம்பினேன்.