எக்ஸ்பி அண்ணன்

பெரம்பூரில் ஒருவரை விசாரித்தால், "லோகோவா, கேரேஜா, ஐ.சி.எஃப்.பா?" என்றுதான் முதல் கேள்வி வரும். அந்த மூன்று ரயில்வே தொழிற்சாலைகளில் எதுவானாலும், அந்தத் தெருவில் எக்ஸ்பி அண்ணன் என்று ஒருவர் கட்டாயம் இருப்பார். ஐம்பதைத் தாண்டிய வயது. சட்டைப்பையில் சிடி மார்க்கர். வண்டிப் பெட்டியில் ஆர்.சி. புக் இருக்கிறதோ இல்லையோ, ஜிப் வைத்த சிடி பவுச் இருக்கும்.

அந்தப் பவுச்சை அவர் யாரையும் தொட விடமாட்டார். எட்டிப் பார்த்தால் தெரிவது விண்டோஸ் சிடிகள்: 'எக்ஸ்பி எஸ்.பி.3 - சாட்டா - ஓகே', 'எக்ஸ்பி எஸ்.பி.2 - கீறல் இருக்கு, ஓடும்', '98 - யாருக்கும் தராதே'. ஒவ்வொன்றின் நடு ஓட்டையைச் சுற்றியும் பொடி எழுத்தில் 25 எழுத்துக் கீ. அவருக்கு அது மனப்பாடம். ஆதார் நம்பர் கேட்டால் சம்சாரத்தைக் கூப்பிடுவார்.

"ஒரிஜினலாண்ணே?" என்று யாராவது கேட்டுவிட்டால் முகம் வாடிவிடும். "ஒரிஜினல் கணக்கா வேலை செய்யும். அப்டேட்ட மட்டும் ஆன் பண்ணாதே" என்பார். பேச்சு அதோடு முடிந்தது.

சிடி எழுதுவது அவர் வீட்டில் ஒரு விரதம். சிடி எழுதும் நீரோ மென்பொருளில் 52 வேகம் காட்டும். அவர் நாலுக்கு இறக்குவார். "வேகமா எழுதினா பழைய டிரைவ் படிக்காது தம்பி." எழுதி முடியும்வரை மேசையில் யாரும் கை ஊன்றக்கூடாது, மிக்ஸி போடக்கூடாது. மிக்ஸிக்கும் சிடிக்கும் என்ன சம்பந்தம் என்று சம்சாரம் கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. ஆனால் அன்றைக்குச் சட்னி கிடையாது. பாழான சிடிகள் மொட்டை மாடிக் கொடியில் காக்கா விரட்டுகின்றன. அவற்றைத் தோல்வி என்று சொல்லிவிடாதீர்கள். ஒர்க்‌ஷாப் பாஷையில் அது 'ஸ்க்ராப்'.

தெருவில் இன்ஜினியரிங் படிக்கிற பையன்கள் தாங்களே எழுதிப் பார்த்துவிட்டு வருவார்கள். "பூட் ஆவல அண்ணே." அவர் சிடியைச் சட்டையில் துடைப்பார் - வட்டமாக இல்லை, நடுவிலிருந்து விளிம்புக்கு. போட்டுப் பார்ப்பார். உள்ளே ஒரே ஒரு ஐ.எஸ்.ஓ. ஃபைல் உட்கார்ந்திருக்கும். "இமேஜா எழுதுடான்னா, ஃபைலா காப்பி பண்ணி எத்தினு வந்துக்கிற. இன்னாபா படிக்கிற?" அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அவர் வாழ்கிறார் என்று எனக்குச் சந்தேகம்.

எக்ஸ்பி வெளியான 2001-இல் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் சாட்டா ஹார்டு டிஸ்க் கிடையாது. அதனால் பின்னால் வந்த மெஷினில் பழைய சிடியைப் போட்டால் ஹார்டு டிஸ்க்கே இல்லை என்று சாதிக்கும், இல்லாவிட்டால் நீலத் திரையில் 7பி என்று முடியும். 29சி பஸ் எங்கே போகும் என்று சொல்வதுபோல அண்ணன் அலட்டாமல், "செவன் பி-யா? சாட்டா" என்பார். எஃப்6 அழுத்தி டிரைவரை ஃப்ளாப்பியில் கொடு என்று கேட்கும். ஃப்ளாப்பி டிரைவே இல்லாத மெஷினில் ஃப்ளாப்பி கேட்கிற அந்த அநியாயத்தைப் பொறுக்காமல்தான், என்லைட் என்ற மென்பொருளைக் கொண்டு டிரைவரை உள்ளேயே கோத்து அந்த 'ஓகே' சிடியை அவர் செய்தார்.

எக்ஸ்பி போட யார் வீட்டுக்கு வந்தாலும் முதல் கேள்வி: "சி-யில ஒண்ணும் இல்லியே அக்கா?" அக்கா இல்லை என்பார். அண்ணன் மூன்று முறை கேட்பார், மூன்று முறையும் இல்லை. ஃபார்மட் ஆரம்பித்துப் பாதி போனதும், "கல்யாண போட்டோ எல்லாம் டெஸ்க்டாப்லதான் தம்பி இருக்கு, அது ஒண்ணும் ஆவாதே?" என்று டீயோடு வருவார். டெஸ்க்டாப்பும் சி-க்குள்தான் இருக்கிறது என்பதை அந்த டீயைக் குடித்துக்கொண்டே எப்படிச் சொல்வது! அப்புறம் திரையில் 39 நிமிடம் என்று வரும். எழுந்தும் போக முடியாது. நடுநடுவே பெயர், கீ, நேரம் எல்லாம் கேட்கும். பெயருக்கு 'ஏபிசி' என்று அடிப்பார். நேரத்துக்கு, சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடெல்லி என்ற வரியைத் தேர்ந்தெடுத்து, "பாத்தியா, டெல்லி கடைசி" என்பார்.

தமிழுக்கும் அவர் கொஞ்சம் தொண்டு செய்திருக்கிறார். எக்ஸ்பியில் யூனிகோடு தமிழ் ஒழுங்காகத் தெரிய, மொழி அமைப்பில் ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும். போட்டதும் சிடியைக் கேட்கும். கொம்பும் காலும் தனித்தனியாகக் கிடந்த தமிழைப் பெரம்பூரில் எத்தனையோ பேர் அவர் பவுச் புண்ணியத்தில்தான் சேர்த்துப் படித்தார்கள்.

2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு எக்ஸ்பியை மைக்ரோசாஃப்ட் கைகழுவிவிட்டது என்று சொல்லிப் பாருங்கள். அவருக்குக் கோபம் வராது. "2018 ஜனவரியில ஐ.சி.எஃப். பழைய மாடல் கோச் கட்டறத நிறுத்திச்சு. மறுநாளே எல்லாத்தையும் காசிமேட்டு கடல்ல தள்ளிட்டாங்களா? கேரேஜுக்கு வருது, பி.ஓ.எச்.னு முழுசா பிரிச்சு சரி பண்றோம், ஓடுது." லாரி எடைமேடைக்காரரும் பழைய லேத் வைத்திருக்கிற பட்டறைக்காரரும் அந்தப் பி.ஓ.எச்.சை நம்பித்தான் இருக்கிறார்கள். புது விண்டோஸ் போட்டால் அவர்கள் மென்பொருள் ஓடாது; மென்பொருள் செய்த கம்பெனியைத் தேடினால், அது எப்போதோ கடையைச் சாத்தியிருக்கும். பிடிவாதக்காரர்தான். ஆனால் நெட்டில் சேர்க்காமல் மூலையில் தனியாக ஓடுகிற மெஷின் விஷயத்தில் அவர் சொல்வதுதான் நியாயம் என்பேன்.

2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கும் ஆதரவு முடிந்தது. "பத்தும் நம்ம கைக்கு வந்துடுச்சு" என்று அண்ணன் பெரிய பென் டிரைவாக வாங்கிவிட்டார். தேவைப்படுகிறவர்கள் ஷிப்ட் விட்ட பிறகு போய்ப் பாருங்கள். காசு பேசாதீர்கள், வாங்கமாட்டார். எழுதாத சிடி இரண்டு கையோடு கொண்டுபோங்கள், இப்போதெல்லாம் கடையில் சுலபமாகக் கிடைப்பதில்லை.