சேருக்குத் தெரியாததா?

இலங்கையில் பாஸ்போட் எடுக்கச் சாதாரண சேவைக்கு 10,000 ரூபாய், ஒருநாள் சேவைக்கு 20,000 ரூபாய். நான் 20,000 கட்டியவன். அவசரம் என்று ஒன்றும் இருக்கவில்லை. சென்னையில் இருக்கிற மச்சாள் தன் மகளின் கலியாணம் 2025 ஆவணியில் என்று அதற்கு முந்தின வருடமே சொல்லிவிட்டாள். விண்ணப்பத்தை இணையத்தில் போட்டு, குறிப்பிட்ட சில பிரதேச செயலகங்களில் கைவிரல் அடையாளம் கொடுத்தால் புத்தகம் கூரியரில் வீட்டுக்கே வரும் ஏற்பாடு 2023 ஜூனில் தொடங்கியதையும் பத்திரிகையில் வாசித்திருந்தேன். வாசித்து முடித்து அதே பத்திரிகையில் கருவாடு சுற்றினேன். கடைசியில் குடிவரவுத் திணைக்களம் இருக்கும் பத்தரமுல்லை சுகுருபாய வாசலில், விடியப்புறம் கொட்டாவி விட்டபடி வரிசையில் நின்றேன்.

அங்கேயும் ஒரு கூத்து. பாஸ்போட்டுக்கான படத்தைத் திணைக்களத்தில் பதிவுசெய்த ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும். அவர்கள் படத்தை நேரே திணைக்களத்துக்கு அனுப்பிவிட்டு நம் கையில் ஒரு துண்டைத் தருவார்கள். நானோ எங்கள் பக்கத்துக் கலியாண வீட்டுப் படக்காரரிடம் கோட் மாட்டி எடுத்த படங்களை உறையில் போட்டுப் பத்திரமாகக் கொண்டுபோயிருந்தேன். வரிசையில் பின்னால் நின்ற பொடியன் பார்த்துவிட்டு, "ஐயா, நல்லா இரிக்கி. வீட்டுல மாட்டுங்க" என்றான். இப்போது அது மாட்டித்தான் இருக்கிறது.

இதெல்லாம் யாரையாவது கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் எங்கள் ஊர் கதிரவெளியில் நான் 'சேர்'. ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியன். கடிதம் வாசிக்கவும் படிவம் நிரப்பவும் ஊர் என்னிடம்தான் வரும். நான் வாய் திறந்து எதையாவது கேட்கப் போனால், "சேருக்குத் தெரியாததா?" என்று மரியாதையாகச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு தெரியாது என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

உண்மையில் எங்கள் ஊரில் விமானப் பயணம் தெரிந்தவர்கள் வேறு ஆட்கள். குவைத்துக்கும் சவூதிக்கும் கட்டாருக்கும் வீட்டு வேலைக்குப் போய்வந்த பெண்கள் அவர்கள். முதல் தடவை போகிறவர்கள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பயிற்சியை முடித்துச் சான்றிதழோடுதான் போக வேண்டும். என் எதிர்வீட்டுக்காரி அப்படிக் குவைத்துக்குப் பல தடவை போய்வந்தவள். என்னிடம் படித்தவள், எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். ஆங்கிலத்துக்கு நான் அவளுக்குப் போட்ட புள்ளியை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. இன்று அவள் அரபும் சிங்களமும் பேசுவாள், ஆங்கிலத்திலும் தன் அலுவலைத் தானே பார்த்துக்கொள்வாள்.

"சேர், சாமான் கட்டக்குள்ள கூப்பிடுங்க. நான் வந்து பாக்கன்" என்று அவளாகவே கேட்டாள்.

"தேவையில்ல புள்ள, நான் பாத்துக்கொள்ளுவன்" என்றேன். மேற்கொண்டு நடந்தது முழுதும் அந்த ஒரு பதிலுக்கு நான் கட்டிய வட்டி.

முதலில் ரிக்கெற். என் பெயருக்கு முன்னால் அப்பாவின் பெயரின் முதலெழுத்து ஒன்று நிற்கும். வரவுப் பதிவேட்டில் காலமெல்லாம் அப்படித்தான் ஒப்பமிட்டேன். ரிக்கெற் போடுகிற இடத்திலும் அதையே சொன்னேன். பாஸ்போட்டிலோ அப்பாவின் பெயர் முழுதாக, முதல் ஆளாக நிற்கிறது. ரிக்கெற்றில் பெயர் பாஸ்போட்டில் உள்ளபடி, எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டுமாம். திருத்தக் காசு. பிள்ளைகளின் எழுத்துப் பிழைக்குச் சிவப்பு மையால் கோடு போட்டுப் பழகிய எனக்கு, எழுத்துக்குக் காசு கட்டும்போதுதான் அந்தப் பிள்ளைகளின் முகம் நினைவுக்கு வந்தது.

அடுத்தது இந்திய விசா. இணையத்திலேயே எடுக்கலாம். ஆனால் பாஸ்போட் பக்கத்தின் பிரதி 300 கிலோபைற்றைத் தாண்டினால் அது ஏற்காது. நான் தொலைபேசியில் எடுத்த படம் அதைப் போலப் பல மடங்கு. தளம் திருப்பித் திருப்பித் தள்ள, நான் இந்தியாவே என்னை வேண்டாம் என்கிறது என்று நினைத்து மனம் நொந்தேன். படிவத்தில் கேள்விகளும் வினோதம். தகப்பன், தாய், அவர்களைப் பெற்றவர்கள் யாராவது பாகிஸ்தான் பிரசையா என்று ஒன்று. என் மூத்தப்பா வெருகல் ஆற்றைக் கடந்ததே சித்திரவேலாயுதர் கோயில் திருவிழாவுக்குத்தான். உடம்பில் வெளியே தெரிகிற அடையாளம் என்ன என்று இன்னொன்று. மச்சம் தேடிக் கண்ணாடி முன் நின்றேன். "வண்டியப் போடுங்களன், தூரத்துலயே தெரியும்" என்றாள் மனைவி.

ரிக்கெற்றில் 20 கிலோ என்று இருந்தது. வீட்டில் தராசு இல்லை. சூட்கேசைத் தூக்கிக்கொண்டு கடற்கரை மீன் வாடிக்குப் போனேன். மீனைக் கொளுவித் தூக்குகிற தராசில் மாட்டினோம். பத்தொன்பதரை. மனம் நிறைந்து திரும்பினேன். அந்தத் தராசு எப்போதும் குறைத்தே காட்டும் என்று ஊர் மீனவர்கள் எல்லோரும் முறையிடுவார்கள். அவர்களுக்காக முறைப்பாட்டுக் கடிதம் எழுதிக் கொடுத்தவனே நான்தான். வாழைச்சேனையில் பஸ் ஏறி, இரவெல்லாம் பயணம் செய்து கட்டுநாயக்காவுக்குப் போய்ச் சேரும்வரை அந்தக் கடிதம் என் ஞாபகத்துக்கு வரவில்லை. விமான நிலையத் தராசில் இருபத்துமூன்று என்று விழுந்த பிறகுதான் வந்தது.

கூடின கிலோவுக்குக் காசு கேட்டார்கள். கட்டுவேனா? நடு மண்டபத்தில் சூட்கேசை மல்லாத்தித் திறந்தேன். மேலே கருவாட்டுப் பொதி. அதன் வாசம் என்னைவிட முந்திப் பயணம் போனது. பாரமாக எது இருக்கிறது என்று துழாவி, மனைவி பழைய சேலையில் சுற்றி வைத்த தேன் போத்தல்களையும் புத்தகங்களையும் எடுத்துக் கைப்பையில் திணித்தேன். சூட்கேஸ் இருபதுக்குள் அடங்கியது. காசை மிச்சம் பிடித்த பெருமையோடு பாதுகாப்புச் சோதனைக்கு நடந்தேன்.

எங்கள் பகுதியில் காட்டுத்தேன் சாராயப் போத்தலில்தான் வரும். கைப்பை இயந்திரத்துக்குள் போய் நின்றுவிட்டது. பெண் அதிகாரி ஒருவர் சேலையை அவிழ்த்தார். உள்ளே கறுப்பாக, வாய்வரை நிரம்பி, மெழுகு மிதக்கும் சாராயப் போத்தல்கள். "மே அரக்குத?" என்று கேட்டார். "நே, மீ பெணி" என்றேன், எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் செலவழித்து. அவர் மூடியைத் திறந்து மணந்து பார்த்துச் சிரித்தார். பின்னால் நின்ற வரிசையும் சிரித்தது. சாராயமானாலும் தேனானாலும் திரவம் திரவம்தான். 100 மில்லிலீற்றருக்கு மேல் கைப்பையில் போகாது. போத்தல்கள் அங்கேயே நின்றன. மீன்பாடும் தேனாடு என்கிற மட்டக்களப்பிலிருந்து புறப்பட்டவன் மீனை மட்டும் கொண்டு போனேன். அதுவும் உப்புப் போட்ட மீன்.

இந்தத் திரவச் சட்டம் வந்த கதையைப் பிறகு வாசித்தேன். 2006 ஓகஸ்ட்டில் லண்டனில் திரவ வெடிபொருளால் விமானங்களைத் தகர்க்கும் சதி ஒன்று பிடிபட்டது. அதற்குப் பிறகுதான் உலகம் போத்தல்களைப் பார்த்துப் பயப்படத் தொடங்கியது. அதே வருடம் நவம்பர் 8இல் கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சமடைந்திருந்த சனத்தின்மேல் எறிகணைகள் விழுந்து பலர் செத்துப்போனார்கள். பிறகு ஊரே எழும்பி நடந்தது. அப்போது நான் கொண்டுபோனது ஒரு சொப்பிங் பை. பிறப்புச் சான்றிதழ்களும் ஒரு சாரமும் அதற்குள் இருந்தன. அதை யாரும் நிறுக்கவில்லை. உயிருக்கு ஓடும்போது ஒரு பையில் அடங்கியவனுக்கு, கலியாணம் பார்க்க இருபது கிலோ போதாமல் போனதுதான் வேடிக்கை.

விமானத்தில் சென்னை ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். தந்த பாணை நான் பிரிப்பதற்குள் இறங்கப்போகிறோம் என்றார்கள். இறங்குமுன் ஓர் அட்டையை நிரப்பச் சொன்னார்கள். சட்டைப் பையைத் தடவினேன். பேனா இல்லை. வாழ்நாள் முழுக்கப் பேனா கொண்டுவராத பிள்ளைகளை வெளியே நிறுத்தியவன், பக்கத்து இருக்கைச் சிறுமியிடம் பூனைக்குட்டி தொங்கும் இளஞ்சிவப்புப் பேனாவை இரவல் வாங்கினேன். 2025 ஒக்டோபர் முதல் அந்த அட்டையை 3 நாள் முன்பே இணையத்தில் நிரப்பலாமாம். என்னைப் போன்றவர்களால் வந்த மாற்றமாக இருக்கலாம்.

கையில் பெரியப்பா தந்த இந்தியக் காசு இருந்தது. அவர் எப்போதோ சிதம்பரம் போய்வந்த மிச்சம். தேவாரப் புத்தகத்துக்குள் வைத்திருந்த பழைய 500 ரூபாய்த் தாள்கள். ஓட்டோக்காரருக்கு நீட்டினேன். "சார், இது செல்லாதுன்னு சொல்லி எத்தனை வருஷம் ஆச்சு!" என்றார். 2016 நவம்பர் 8 இரவே அந்தத் தாள்களின் கதை முடிந்திருந்தது. பத்துக்கு மேல் வைத்திருந்தால் அபராதமும் உண்டாம். பெரியப்பா கஞ்சத்தனமாக இரண்டு மட்டும் தந்ததை அன்றுதான் மெச்சினேன். அந்த ஓட்டோவே தேவையில்லாத செலவு. விமான நிலையத்துக்குள்ளேயே மெற்றோ நிலையம் இருக்கிறது. எவ்வளவு தூரம் போனாலும் 50 ரூபாயைத் தாண்டாது. பதாகையை ஆங்கிலத்தில் உரக்க வாசித்துவிட்டுத்தான் கடந்து போனேன்.

ஓர் இந்திய ரூபாய் நம் காசில் ஏறத்தாழ மூன்றரை. எதைப் பார்த்தாலும் மூன்றரையால் பெருக்கினேன். 15 ரூபாய்த் தேநீர் ஐம்பத்திரண்டரை ஆகி நெஞ்சை அடைத்தது, குடிக்காமல் திரும்பினேன். அதே பால் தேநீருக்கு வாழைச்சேனைச் சந்தியில் நூறு ரூபாயாவது கொடுக்கிறேன் என்பது கலியாணம் முடிந்து ஊருக்குத் திரும்பும் வழியில்தான் உறைத்தது. பெருக்கத் தெரிந்தவனுக்கு ஒப்பிடத் தெரியவில்லை.

ஊர் வந்ததும் எதிர்வீட்டுக்காரி வந்தாள். தேன் கதையைச் சொன்னேன்.

"அதெப்பிடி சேர் கைப்பைக்குள்ள போகும்? உடுப்புக்கு நடுவுல வெச்சுச் சூட்கேசுல போட்டிரிக்கணும். மறுகா என்ன செய்தீங்க?"

"விட்டுட்டு வந்தன்."

"என்னட்டக் கேட்டிரிக்கலாமே."

பெயர் திருத்தம், ஒருநாள் சேவைக்குக் கூடக் கட்டியது, கோட் மாட்டிய படம், ஓட்டோ, தேன் எல்லாவற்றையும் கொப்பியில் கூட்டிப் பார்த்தேன். தொகையை மனைவிக்குச் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. அதில் பயணச் செலவு ஒரு சதமும் கிடையாது. முழுதும் மானம் காத்த செலவு.

முதல் தடவை வெளிநாடு போகிற சகோதர ஆசிரியர்களுக்கு ஒரு சொல். உங்கள் ஒழுங்கையில் குவைத் போய்வந்த ஒரு பெண் கட்டாயம் இருப்பாள். அவள் வீட்டுக்கு நீங்களாகப் போய், ஒரு பிளேன்ரீ வாங்கிக் குடித்து, தெரியாது என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். பெயரைப் பாஸ்போட்டில் உள்ளபடி சொல்லுங்கள். பேனாவை மறக்காதீர்கள். சூட்கேசை அரிசி ஆலையில் நிறுங்கள். மீன் வாடிப் பக்கம் போகவே வேண்டாம்.