காட்டைப் படித்தவன் கட்டிய வட்டி

எங்கள் தெருவில் கடன் வாங்கிக் காட்டைப் படித்தவன் நான் ஒருவன்தான். ஓசூர்ப் பிள்ளைகளுக்கு வழி தெளிவாகப் போட்டிருக்கிறது: ஐ.டி.ஐ., சிப்காட்டில் அப்ரண்டிஸ், பைக், கல்யாணம். அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று 1980-களில் வந்த ஆலைகள் போட்டுக்கொடுத்த வழி அது. என் சித்தப்பா மகன் அந்த வழியில் போனான். நான் வங்கிக்குப் போனேன்.

மேட்டுப்பாளையம் வனக்கல்லூரிதான் ஆசை. என் கட் ஆஃப் ஈரோட்டைத் தாண்டவில்லை. கிடைத்தது ஒரு தனியார் கல்லூரியில் சுற்றுச்சூழல் பொறியியல். வருடத்துக்கு 1 லட்சம் வீதம் 4 லட்சம் கல்விக்கடன். அந்தத் தொகை வரை வங்கி ஈடு கேட்காது, அப்பாவின் கையெழுத்து போதும். "எப்பப்பா கட்டணும்?" என்று கேட்டார். "படிச்சு முடிச்சு ஒரு வருஷம் கழிச்சுத்தாம்ப்பா" என்றேன். சொன்னதில் பாதி உண்மை.

அந்த அவகாசம் தவணைக்குத்தான். வட்டிக்கு லீவு கிடையாது. 10 சதவீதம் என்று வையுங்கள். முதல் லட்சத்துக்கு 5 வருட வட்டி, அடுத்தடுத்த லட்சங்களுக்கு 4, 3, 2. கூட்டினால் 1 லட்சத்து 40 ஆயிரம். அது அசலோடு சேர, முதல் தவணைக்கு முன்பே கடன் 5 லட்சத்து 40 ஆயிரம் ஆகிவிடும். ஏழு வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 9 ஆயிரம். அப்பா பத்தலப்பள்ளி காய்கறி மார்க்கெட்டில் மண்டிக் கணக்கு எழுதுகிறவர். அவரிடம் காட்டியிருந்தால் தக்காளிப் பெட்டி இறங்குவதற்குள் போட்டுச் சொல்லியிருப்பார். காட்டவில்லை, இன்ஜினியரிங் படிக்கிறவன் அல்லவா!

அந்த 1 லட்சத்து 40 ஆயிரத்தைக் கட்டாமலே தப்பியிருக்கலாம் என்பது இன்னும் விசேஷம். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்படிப்புக்கான அவகாசக் கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் மானியம் 2009 முதல் இருக்கிறது. எங்கள் வருமானம் அதில் பாதிகூட இல்லை. வேண்டியது தாலுகா ஆபீஸில் வாங்கும் ஒரு வருமானச் சான்றிதழ். வங்கியில் சொல்லியும் அனுப்பினார்கள். அப்போது நான் வளங்களை வீணாக்காமல் காப்பது எப்படி என்று செமினாருக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் போகலாம் என்று விட்டேன். அந்த அடுத்த வாரம் படிப்பு முடியும்வரை வரவில்லை.

வனத்துறை வேலைக்கும் முயன்றேன். வனத்தொழில் பழகுநர் தேர்வில் எழுத்துத் தேர்வோடு ஒரு நடைத் தேர்வும் உண்டு: ஆண்கள் 4 மணி நேரத்தில் 25 கிலோமீட்டர் நடக்க வேண்டும். விடியற்காலையில் தேன்கனிக்கோட்டை சாலையில் பயிற்சிக்கு இறங்குவேன். மத்திகிரியில் டீக்கடை வந்துவிடும். திரும்பி வர டவுன் பஸ் இருந்தது. நல்லவேளை, எழுத்துத் தேர்விலேயே தோற்றேன். நடந்து தோற்கும் அவமானம் மிச்சம்.

கடைசியில் சம்பளம் கொடுத்தது அதே சிப்காட். சுற்றுச்சூழல், பாதுகாப்புப் பிரிவில் வேலை, கைக்கு 16 ஆயிரம். தவணை போக மீதி 7. ஜூன் 30-க்குள் அபாயகரமான கழிவுகளுக்கான ஆண்டறிக்கை, செப்டம்பர் 30-க்குள் சுற்றுச்சூழல் அறிக்கை, நடுவில் சுத்திகரிப்பு நிலையத்தின் மீட்டர் ரீடிங், ஸ்லட்ஜ் மூட்டைக் கணக்கு. ராகி சீசனில் யானைகள் பன்னர்கட்டா, ஜவளகிரி வழியாகச் சானமாவு காட்டுக்கு வரும்போது மட்டும் ஆபீஸில் எனக்கு மரியாதை கூடும். "சார், இன்னிக்கு எந்தப் பக்கம் போகும்?" என்பார்கள். வாட்ஸ்அப் குரூப்பைப் பார்த்துச் சொல்வேன்.

ஆலை வளாகத்தில் மூன்றில் ஒரு பங்கு பசுமையாக இருக்க வேண்டும் என்பது எங்களுக்கான நிபந்தனை. ஆடிட் நெருங்கியது. சீக்கிரம் வளர்ந்து, எந்நேரமும் பச்சையாக நிற்கும் மரமாகப் பார்த்துக் காம்பவுண்டு நெடுக நட்டேன்: கோனோகார்பஸ். புங்கனும் வேம்பும் வளர்வதற்குள் ஆடிட்டர் ரிட்டயர் ஆகிவிடுவார் என்று வியாக்கியானமும் சொன்னேன். பாராட்டுக் கிடைத்தது. 2025-இல் தமிழ்நாடு அரசு அந்த மரத்துக்குத் தடை போட்டது. நான் அதிகம் நட்ட மரம் அதுதான். அதிகம் பிடுங்கியதும் அதுதான்.

ஆனாலும் படிப்பைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் ஆலை வர வர, படிவமும் வரும். அதை நிரப்ப ஆள் வேண்டும். சம்பளம் மெதுவாக ஏறத்தான் செய்தது. என்னைச் சாய்த்தது நான் போடாத ஒரு கூட்டலும் வாங்காத ஒரு சான்றிதழும்தான்.

போன முகூர்த்தத்தில் ஒரு பந்தியில் சூளகிரிக்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மகள் இதே மாதிரி படிப்புக்கு ஆசைப்படுகிறாளாம், லோன் போடலாமா என்றார். சாம்பார் ஆறும்வரை பேசினேன். முதலில் வருமானச் சான்றிதழ். முடிந்தால் படிக்கும்போதே வட்டியைக் கட்டிவிடுங்கள், வட்டி விகிதத்தில் 1 சதவீதம் குறைக்கிற வங்கிகள் உண்டு. இந்த வேலையில் இருக்கும் நாலு பேரிடம் முதல் மாதச் சம்பளத்தைக் கேளுங்கள். தவணை அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் கடனைக் குறையுங்கள். பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தால் வட்டிக்கு வருமான வரிச் சலுகையும் உண்டு. வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வந்தால்.

எல்லாம் கேட்டுவிட்டு அவர், "தம்பி பேங்க்லதானே இருக்கீங்க?" என்றார். நான் மறுக்கவில்லை.